மைதான ஓரத்தில் நின்ற ஒரு சகோதரி



உதைபந்தாட்டம் என்ற சொல்லைக் கண்டதும், "இது நானாமாரும் தம்பிமாரும் பார்க்கிற பக்கம்" என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள். இம்மாதம் ஒரு காற்சட்டையின் நீளத்தைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். அந்த நீளத்துக்காக விளையாட முடியாமல் நின்ற ஒரு முஸ்லிம் பெண்ணின் கதையும் இதில் இருக்கிறது. வாசித்துவிட்டு, உங்கள் மகளையும் பக்கத்தில் இருத்திச் சொல்லிக் கொடுங்கள்.

2024 ஒக்டோபர் மாதம். லண்டன் நகரில் பெண்கள் லீக் போட்டியொன்று. இக்ரா இஸ்மாயில் என்ற சகோதரி மாற்று வீராங்கனையாகக் களமிறங்கத் தயாராக நிற்கிறார். சோமாலிய வம்சாவளியைச் சேர்ந்தவர். வடமேற்கு லண்டனில் தன் சமூகத்துப் பெண்களுக்காக ஹில்டொப் என்ற கழகத்தைத் தொடங்கியவர். தலையில் ஹிஜாப், காலில் நீளக் காற்சட்டை. அதே உடையில் அதே லீக்கில் பல ஆண்டுகள் ஆடியவர். அன்று மட்டும் மத்தியஸ்தர் மறுத்துவிட்டார். கட்டைக் காற்சட்டை அணிந்தால் மட்டுமே களத்துக்குள் வரலாம் என்றார். இக்ரா அணியவில்லை. வெளியிலேயே நின்றுவிட்டார்.

இந்தச் சம்பவத்தின் கனம் புரிய வேண்டுமானால், அந்த லீக் எப்படிப்பட்டது என்று முதலில் தெரிய வேண்டும்.

இங்கிலாந்தின் பெண்கள் உதைபந்தாட்டம் ஓர் ஏணி போல அமைந்திருக்கிறது. உச்சிப்படி, 2011ல் தொடங்கிய பெண்கள் சுப்பர் லீக். அங்கே ஆர்சனல், செல்சி போன்ற பெரும் கழகங்கள். விளையாடுவதே அவர்களுக்குத் தொழில். அதன் கீழே இரண்டாம் பிரிவு. மூன்றாம் படி, தேசிய லீக்கின் வடக்கு, தெற்கு என்ற இரு பிரிவுகள். நான்காம் படியில் நான்கு பிரிவுகள். அதற்கும் கீழே பிராந்திய லீக்குகள், பிறகு மாவட்ட லீக்குகள். வென்றால் ஒரு படி ஏறலாம், தோற்றால் ஒரு படி இறங்க வேண்டும். இக்ரா நின்றது இந்த ஏணியின் அடிப்பக்கத்துப் படியொன்றில்.

2022 ஜூலை 31ல் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்துப் பெண்கள் ஜெர்மனியை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தபோது, பார்த்தவர்கள் 87,192 பேர். ஆனால் கீழ்ப்படிகளில் வேறொரு உலகம். தாதி, ஆசிரியை, கடைச் சிப்பந்தி, பல்கலைக்கழக மாணவி, கைக்குழந்தையின் தாய் என்று வாரமெல்லாம் வேறு வேலை பார்க்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சம்பளம் கிடையாது. ஆடுவதற்குத் தாங்களே சந்தா கட்டுகிறார்கள். பார்வையாளர் என்றால் ஒரு சில பெற்றோர், கணவன்மார், ஒரு நாய், ஒரு தேநீர்ப் போத்தல். கோட்டில் கொடி பிடிக்க ஆள் இல்லாவிட்டால் கழகத்தாரில் ஒருவரே பிடிக்கிறார்.

பருவம் செப்டெம்பரில் தொடங்கி மே மாதம் வரை நீளும். தொடக்கத்தில் புல் பச்சையாக இருக்கும், வெயிலும் இருக்கும். நவம்பரில் மழை தொடங்கினால் மைதானம் வயல்போல் ஆகிவிடும். ஜனவரியில் நிலமே உறைந்து கல்லாகிவிடும். காலையில் மத்தியஸ்தர் வந்து பார்த்து, "இன்று முடியாது" என்று சொல்லிவிட்டுப் போவார். இப்படித் தள்ளிப்போன ஆட்டங்களெல்லாம் மார்ச், ஏப்ரலில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியும்.

இந்தப் பருவத்தை ஒரு முஸ்லிம் பெண்ணின் கண்ணால் பாருங்கள். டிசம்பர் மாதத்து லண்டனில் பொழுது நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஆட்டம் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால், முடியும்போது மஃரிபு வந்துவிடும். அஸர் நேரம் நுழைவதோ ஆட்டம் தொடங்கச் சற்று முன்னர்தான். ஆகவே உடை மாற்றும் அறையின் ஒரு மூலையில் முஸல்லாவை விரித்து, தொழுதுவிட்டுத்தான் களத்துக்குள் ஓட வேண்டும். 2024ல் நோன்பு மார்ச் 11ந் திகதி அங்கே தொடங்கியது. 2025ல் மார்ச் மாதம் ஏறக்குறைய முழுவதும் நோன்பு. அதாவது ஏறுவதா இறங்குவதா என்று தீர்மானமாகும் வாரங்களில், ஒரு மிடறு தண்ணீரும் இல்லாமல் தொண்ணூறு நிமிடம். இத்தனையையும் தாங்கிக்கொண்டு வருகிற பெண்ணை ஒரு காற்சட்டைக்காக வெளியே நிறுத்துவது எத்தனை பெரிய அநீதி!

இங்கிலாந்தில் பெண்களை மைதானத்துக்கு வெளியே நிறுத்தியது இதுதான் முதல் தடவை என்று எண்ணிவிடாதீர்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். பிரெஸ்டன் நகரத்து டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் 1917ல் ஓர் அணி அமைத்து, காயப்பட்ட படைவீரர்களின் ஆஸ்பத்திரிக்காகப் பணம் சேர்த்து விளையாடினார்கள். 1920 டிசம்பர் 26ல் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்களுடைய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில்.

அடுத்த ஆண்டே, 1921 டிசம்பர் 5ல், இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் பெண்களுக்குத் தன் அங்கத்துவக் கழகங்களின் மைதானங்களைப் பூட்டிவிட்டது. இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தப் பூட்டு திறக்க அரை நூற்றாண்டு சென்றது. அதுவரை பெண்கள் பூங்காக்களிலும் வெற்றுத் தரைகளிலும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். 1971ல்தான் பெண்களுக்கான முதலாவது தேசியக் கிண்ணத்தின் இறுதியாட்டம் நடந்தது.

டொன்காஸ்டர் பெல்ஸ் என்ற அணியின் கதையையும் கேளுங்கள். 1969ல், ஆண்களின் போட்டிகளில் சீட்டு விற்றுக்கொண்டிருந்த சில பெண்கள் சேர்ந்து தொடங்கியது. தேசியக் கிண்ணத்தை ஆறு தடவை வென்றது. 1991ல் தேசிய லீக் தொடங்கியபோது அதன் முதல் சம்பியனும் அதுவே. பிறகு விளையாட்டுக்குள் பணம் வந்தது. பெரிய ஆண்கள் கழகங்கள் பெண்கள் அணிகளை அமைத்தன. 2018ல் பெல்ஸ் இரண்டாம் பிரிவில் முதலிடம் வந்தும், செலவைத் தாங்க முடியாமல் தானாகவே மூன்றாம் படிக்கு இறங்க வேண்டியதாயிற்று. கிண்ணம் வென்றவர்களுக்கே இந்த நிலை. ஆனாலும் அணி கலையவில்லை. கீழ்ப்படியில் மறுபடி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்து நின்றார்கள். 2020ல் கொரோனா வந்தபோது மூன்றாம் படியிலிருந்து கீழே உள்ள எல்லா லீக்குகளின் பருவமும் செல்லாது என்று அழிக்கப்பட்டது. எடுத்த புள்ளிகளெல்லாம் வீண். அதற்குப் பிறகும் அந்தப் பெண்கள் திரும்பி வந்தார்கள்.

இப்போது நம் பெண்களின் விடயத்துக்கு வருவோம். ஹிஜாப் அணிந்து ஆடுவதற்கு உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா 2007 முதல் தடை வைத்திருந்தது. கழுத்துக்கு ஆபத்து என்றார்கள். 2011ல் ஈரான் நாட்டுப் பெண்கள் அணி ஜோர்தானுடன் ஒலிம்பிக் தகுதிகாண் போட்டிக்கு வந்தபோது, தலைமறைப்பைக் காரணம் காட்டி ஆடவிடாமல் தடுத்தார்கள். பலருடைய போராட்டத்தின் பின் 2012ல் பரீட்சார்த்தமாகவும், 2014 மார்ச் முதலாந் திகதி முழுமையாகவும் அனுமதி வந்தது. இன்று சட்டப் புத்தகத்திலேயே தலைமறைப்புக்கு இடம் இருக்கிறது. அது கறுப்பாகவோ மேற்சட்டையின் நிறத்திலோ இருக்க வேண்டும். மேற்சட்டையோடு சேர்த்துத் தைத்திருக்கக் கூடாது. யாருக்கும் ஆபத்தாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான். 2023 ஜூலை 30ல் மொரோக்கோ நாட்டு நுஹைலா பென்ஸினா, பெண்கள் உலகக் கிண்ணத்தில் ஹிஜாபோடு ஆடிய முதல் பெண் என்று பெயர் பெற்றார். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அதே ஆண்டு ஜூன் மாதம் பிரான்ஸ் நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம், உள்நாட்டுப் போட்டிகளில் ஹிஜாப் கூடாது என்ற அந்நாட்டுச் சங்கத்தின் தடையைச் சரி என்று தீர்த்தது. உலகக் கிண்ணத்தில் ஆடலாம், ஊர் மைதானத்தில் ஆட முடியாது! ஆகவே உரிமை என்பது மேலே எழுதப்பட்டால் மட்டும் போதாது. கீழே, சேற்று மைதானத்திலும் அது கிடைக்க வேண்டும்.

இக்ராவுக்கு நடந்ததும் இதைத்தான் காட்டுகிறது. சட்டத்தில் கோல் காப்பாளர் நீளக் காற்சட்டை அணியலாம் என்று இருக்கிறது. மற்றவர்களுக்குக் கட்டைக் காற்சட்டை. அதன் உள்ளே காலை மூடும் உடை அணியலாம். ஆனால் உடலோடு ஒட்டிய உடை, தளர்வான உடை தேடும் பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும்? அவர் சண்டை போடவில்லை, மைதானத்தை விட்டு ஓடிப்போகவும் இல்லை. நடந்ததை ஒரு வீடியோவாக நிதானமாக எடுத்துச் சொன்னார். செய்தி நாடெங்கும் பரவியது. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மார்க்க நம்பிக்கைக்குப் பங்கம் வராத உடையைப் பெண்கள் அணிய அனுமதிக்க வேண்டும் என்று மாவட்டச் சங்கங்களுக்கும் மத்தியஸ்தர்களுக்கும் தாங்கள் முன்னரே எழுதியிருப்பதாக அது அறிவித்தது. லீக்கோடும் தொடர்புகொண்டது. பாருங்கள், கடிதம் ஏற்கனவே இருந்திருக்கிறது. மைதானம் வரை வந்து சேரவில்லை. ஒரு பெண் வாய் திறந்த பிறகுதான் அது நாட்டுக்கே தெரிந்தது.

இன்னொரு சகோதரி ஜவாஹிர் ரோப்லே. சோமாலியாவின் உள்நாட்டுப் போரிலிருந்து சிறு வயதில் குடும்பத்தோடு லண்டன் வந்தவர். வளர்ந்தது வெம்ப்ளி மைதானத்துக்குப் பக்கத்தில். ஹிஜாபோடு விசிலை வாயில் வைத்து, கீழ்ப்படி லீக்குகளில் மத்தியஸ்தராக நிற்கிறார். ஆண்களின் ஆட்டத்திலும் அவர் காட்டும் அட்டைக்கு மறுபேச்சு இல்லை. 2023ல் அரச விருதும் கிடைத்தது. ஒருவர் வெளியே நிறுத்தப்பட்ட அதே நகரத்தில், இன்னொருவர் களத்தின் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்கிறார்.

சகோதரிகளே, இதையெல்லாம் சொல்வதால் நம் பிள்ளைகள் எல்லோரும் நாளைக்கே பந்தோடு தெருவில் இறங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்கள் பார்க்கும் திறந்த மைதானத்தில் பெண்கள் விளையாடுவது பற்றி நம் உலமாக்களிடம் பேணுதலான கருத்துகள் உண்டு. அதை மதிக்கிறேன். லண்டனிலும் அப்படி எண்ணும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே முஸ்லிமாப் பெண்களின் விளையாட்டுச் சங்கம் ஒன்று பெண்கள் மட்டும் கூடும் பயிற்சிகளை நடத்துகிறது. வழி தேடுகிறவர்களுக்கு வழி இருக்கத்தான் செய்கிறது.

நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பத்து, பதினொரு வயது வரை முற்றத்தில் ஓடித் திரிந்த பெண்பிள்ளையை ஒருநாள், "இனி ஓடாதே, நீ பெரிய பிள்ளை" என்று இருத்திவிடுகிறோம். அதன் பிறகு அந்தப் பிள்ளை ஓடுவதே இல்லை. நாற்பது வயதில் சீனி வியாதியும் பிரஷரும் வந்து டொக்டர் "நடங்கள்" என்று சொல்லும்வரை கால்களை மறந்துவிடுகிறோம். அன்னை ஆயிஷா (ரழி) அவர்களும் நபி (ஸல்) அவர்களும் ஓட்டப் போட்டி வைத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஒருமுறை அன்னையவர்கள் முந்தினார்கள், பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். இதை நம் மகள்மாருக்கு எத்தனை உம்மாமார் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

விளையாட வேண்டும் என்று வந்த இக்ரா, மார்க்கத்தை மைதான வாசலில் கழற்றி வைக்கவில்லை. மார்க்கம் வேண்டும் என்பதற்காக விளையாட்டையும் விட்டுவிடவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கேட்டார், மரியாதையோடு, உறுதியோடு. பாடசாலையோ, வேலைத்தலமோ, பல்கலைக்கழகமோ, நாளை உங்கள் மகளும் இப்படி ஓர் ஓரத்தில் நிறுத்தப்படலாம். அப்போது அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடி வருவாளா, அல்லது "என் உடையோடு என்னை உள்ளே விடுங்கள்" என்று கேட்பாளா? அந்த வார்த்தையை அவளுக்கு இன்றே பழக்குங்கள். பின்னேரம் அரை மணி நேரம் அவளோடு வளவுக்குள் ஓடிப் பாருங்கள். மூச்சு வாங்கும், சிரிப்பும் வரும்.

அல்லாஹ் நம் பெண்மக்களுக்கு உடலில் ஆரோக்கியத்தையும், ஈமானில் உறுதியையும், நாவில் நியாயம் பேசும் துணிவையும் தருவானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.