ஆசிரியர்க்குக் கணினிப் பயிற்சி

பிள்ளைகளைத் தரம் பிரித்து வகுப்புகளில் அமர்த்துவது பள்ளிக்கூடத்தின் முதல் விதி. அரிச்சுவடி பயில்வோனையும் இலக்கணம் பயில்வோனையும் ஒரே பலகையில் இருத்திப் பாடஞ் சொல்லும் உபாத்தியாயரை எவரும் மெச்சார். ஆயினும் உபாத்தியாயர்களே மாணாக்கராய் அமரும் கணினிப் பயிற்சிக் கூடங்களில் இவ்விதி பெரும்பாலும் மறக்கப்படுகின்றதென்பதை நாம் வருத்தத்துடன் கூறவேண்டியிருக்கின்றது.

தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் கைப்பேசியாற் படிக்கத்தக்க குறியீட்டுக் கட்டங்கள் அச்சாயின. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்படவே, திரைவழியே பாடஞ் சொல்லும் காலமும் வந்தது. இன்று அரசுப் பள்ளிகளில் மாணவர் வருகைப் பதிவுங்கூடச் செயலியில் ஏறுகின்றது. இக்கடமைகள், முப்பதாண்டு சுண்ணக்கட்டி பிடித்த கைக்கும், கல்லூரி நாளிலேயே மடிக்கணினி பழகிய கைக்கும் ஒருங்கே வந்தன. இருதிறத்தாரையும் ஒரே கூடத்தில் இருத்தி ஒருவர் விரிவுரை நிகழ்த்தின், இளையவர் கொட்டாவி விடுவர். மூத்தவர் வினவ நாணி வாளாவிருப்பர். பின்னர்த் தம் கடவுச்சொல்லைப் பிறரிடம் ஒப்புவித்துக் காரியத்தை முடித்துக்கொள்வர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. இங்கோ கூடமே மெய்யாகக் கோணியிருக்கின்றது.

யுனெஸ்கோ நிறுவனம் 2018-இல் திருத்தி வெளியிட்ட ஆசிரியர் தகுதிச் சட்டகமும், இத்திறனை அறிவு பெறுதல், ஆழப்படுத்தல், புதிது ஆக்கல் என மூன்று படிகளாக வகுத்திருக்கின்றது. ஆதலின் அவரவர் நிற்கும் படியை முதற்கண் அறிதல் வேண்டும்.

படியறிந்தபின் கற்பிப்பவர் யாவர்? புறத்திருந்து வருவோர் ஒருநாள் பேசி மீள்வர். உடனிருப்பவரே நாடோறும் உதவுவர். இம்முறை நமக்குப் புதியதன்று. 1789-இல் சென்னை எழும்பூரில் அனாதைப் பள்ளியொன்றின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுதலைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்த முயன்றார். ஆசிரியர் இணங்காமையால், கற்ற சிறுவனொருவனைக் கொண்டே ஏனையோர்க்குக் கற்பித்தார். 1797-இல் அவர் இதனை நூலாக வெளியிட, 'சென்னை முறை' என்னும் பெயரோடு அஃது இங்கிலாந்திற் பரவிற்று.

அவ்வாறே ஒவ்வொரு பள்ளியிலும் அறிந்தவர் ஒருவர் அறியாதவர் இருவரோடு வாரந்தோறும் அமர்தல் நன்று. அதற்கெனப் பாடவேளையொன்று ஒதுக்கல் வேண்டும். மாலை மணியடித்தபின் அழைத்தல் பயனளியாது. இளையவரிடம் மூத்தவர் கற்பது இழிவன்றோ எனச் சிலர் வினவலாம். கருவியின் பொத்தானை இளையவர் அறிவர். பாடத்தில் எவ்விடத்து மாணவன் இடறுவான் என்பதை மூத்தவர் அறிவர். ஆதலின் இது கொடுக்கல் வாங்கலேயன்றி இழிவன்று.

இக்கலாசாலையினின்று ஆசிரியத் தொழில் மேற்கொள்ளும் நண்பர்காள்! மூத்தவரொருவர் கைப்பேசியை நீட்டி, "தம்பி, இதை முடித்துக் கொடு" என்பாராயின், வாங்கி முடித்துக் கொடாதீர். அருகமர்ந்து, அவர் விரலாலேயே முடிக்கச் செய்வீராக. மறுமுறை அவர் எவரிடமும் நீட்டார்.