நாவலந்தீவு சொல்லும் பாடம்

கோயிலில் குருக்கள் சங்கற்பம் சொல்லும்போது 'ஜம்புத்வீபே' என்ற சொல் நம் காதில் விழுந்திருக்கும். அதன் பொருள் என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

புராணங்கள் உலகை ஏழு தீவுகளாகப் பிரிக்கின்றன. அவற்றுள் நடுவில் இருப்பது ஜம்புத்வீபம். அதைச் சுற்றி உப்புக்கடல். அங்குள்ள ஜம்பு மரத்தின் பழங்கள் யானையளவு பெரியவை என்றும், அவற்றின் சாறே ஆறாக ஓடுகிறது என்றும் விஷ்ணு புராணம் கூறுகிறது. அந்த மரத்தால்தான் தீவுக்குப் பெயர் வந்தது.

ஜம்பு என்பது எந்தப் பழம்? தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற எனக்கு, ஜம்பு ஆயரும் ஜம்பு பத்துவும்தான் நினைவுக்கு வரும். மலாய்மொழி அச்சொல்லைச் சமஸ்கிருதத்திலிருந்து பெற்று, தன் மண்ணின் பழங்களுக்குச் சூட்டிக்கொண்டது. ஆங்கில நூல்கள் பல 'ரோஸ் ஆப்பிள் தீவு' என்று எழுதுகின்றன. நம் முன்னோரோ மணிமேகலைக் காலத்திலேயே 'நாவலந்தீவு' என்றனர். ஔவைக்கு முருகன் மரத்தை உலுக்கிப் போட்டதாகக் கதை சொல்கிறோமே, அதே நாவல்! ஜம்பு என்பது நாவலே என்று இன்றைய ஆய்வாளர் சிலரும் வாதிடுகின்றனர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 'ஜம்பு' என்ற ஒலியோடு நின்றுவிடாமல், பொருளறிந்து 'நாவல்' என்றும் சொன்னார்கள். ஆனால் 'தீவு' என்ற சொல்லை விரட்டவில்லை. அது 'த்வீபம்' என்பதிலிருந்து வந்தது என்கிறது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி. இருபுறமும் நீர் உடையது என்பது அதன் பொருள். ஆக, நாவலந்தீவு என்ற ஒரே பெயரில் நம் சொல்லும் வந்த சொல்லும் கைகோத்து நிற்கின்றன.

நம் கூட்டங்களில் நடப்பது என்ன? ஒரு சாரார் எந்த அயற்சொல்லையும் அப்படியே தமிழெழுத்தில் எழுதிவிட்டு அமைதியடைகிறார்கள். மறுசாரார் மேடையில் ஒருவர் பேசும்போதே, 'அது வடசொல், இது அயற்சொல்' என்று குறுக்கிடுகிறார்கள். இப்படி இரண்டு முறை திருத்தப்பட்ட முதலாமாண்டு மாணவர், மூன்றாம் முறை மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். நாம் காத்தது ஒரு சொல்லை. இழந்தது பேசும் ஒருவரை!

நண்பர்களே, நல்ல தமிழ்ச்சொல் இருக்குமிடத்தில் அதையே ஆள்வோம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கும் முன், அது என்ன சொல்கிறது என்று கேட்போம். பொருள் தெரிந்தவனுக்குச் சரியான சொல் தானே கைகூடும். திருத்துவதைப் பேச்சு முடிந்த பிறகு, பக்கத்தில் அமர்ந்து செய்வோம்.