பட்டா இல்லாதவர்களின் கோரிக்கைச் சாசனம்

கம்மாபுரம் ஒன்றியத்தின் நிலமற்ற கூலி விவசாயிகள், குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் சார்பில் கடலூர் மாவட்ட ஆட்சியருக்கும் தமிழ்நாடு அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும்.

தமிழ்நாட்டில் வறுமை ஏறக்குறைய ஒழிந்துவிட்டது என்று அரசு அறிக்கைகள் சொல்கின்றன. நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி மாநில மக்களில் 2.20 சதவீதம் பேர்தான் ஏழைகள். அந்தக் கணக்கை நாங்கள் பொய் என்று சொல்லவில்லை. அது 12 அளவுகோல்களை வைத்து எடுத்த கணக்கு: வீட்டில் கரண்ட் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்கிறது. எங்களில் பெரும்பாலான வீடுகளில் இவை உண்டு. இந்த மாநிலம் பல ஆண்டுகளாகச் செய்த வேலையின் பலன் அது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, கையில் என்ன கூலி வந்தது என்ற கேள்வி மட்டும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. எங்கள் வறுமை இருப்பது அந்தக் கேள்வியில்தான்.

கம்மாபுரம் வறண்ட பூமி அல்ல. வடக்கே முந்திரியும் மல்லாட்டையும், தெற்கே சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல்லும் உளுந்தும் கரும்பும் விளைகின்றன. நிலத்துக்கடியில் பழுப்பு நிலக்கரி. 1956-இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டது; தென்மாநிலங்களுக்கு இங்கிருந்து மின்சாரம் போகிறது. சுரங்கம் அகல அகல ஊர்கள் நகர்ந்தன. நிலம் போனவருக்குப் பணம் வந்தது. அது போதுமா, நியாயமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அதில் நாங்கள் அவர்கள் பக்கம். ஆனால் அந்த நிலத்தில் நாற்று நட்டவர், களை எடுத்தவர், கட்டுத் தூக்கியவர், வாரத்துக்கு உழுதவர் ஆகியோருக்கு என்ன வந்தது? இழப்பீடு பட்டாவில் தொடங்கிப் பட்டாவில் முடிகிறது. ஏற்கெனவே நிலம் வைத்திருந்தவருக்குக் கொஞ்சமாவது கையில் நின்றது. இல்லாதவருக்கு இருந்த கூலியும் போனது. ஒரே ஊருக்குள் இடைவெளி இப்படித்தான் பெருகுகிறது.

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது; ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடாகத் தரச் சொன்னது நீதிமன்றம். நல்லது. அதே ஏக்கரில் அந்தப் போகத்துக்குக் களையெடுப்பும் அறுவடையும் பார்த்திருக்க வேண்டிய பெண்களின் கூலி எந்த வழக்கிலும் எந்த உத்தரவிலும் இடம்பெறவில்லை. எங்கள் முதல் கோரிக்கையும் மற்றவற்றைவிட முக்கியமான கோரிக்கையும் இதிலிருந்து எழுகிறது.

கூலிக் குடும்பங்களுக்கும் இழப்பீடும் மறுவாழ்வும் வேண்டும் என்பது புதிய சலுகை அல்ல, ஏட்டில் இருக்கும் சட்டம். 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ யார் என்று சொல்லும்போது, நிலமே இல்லாத விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் வாரதாரர்களையும் கைவினைஞர்களையும் சேர்த்தே சொல்கிறது. கையகப்படுத்துவதற்கு முந்தைய 3 ஆண்டுகள் அங்கே உழைத்துப் பிழைத்திருந்தால் போதும். அதன் இரண்டாம் அட்டவணை குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, இல்லையேல் 5 லட்சம் ரூபாய், அதுவும் இல்லையேல் 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்று வகை செய்கிறது. தமிழ்நாடு தன் சொந்தச் சட்டத்தின்படி நிலம் எடுத்தாலும், இழப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்கும் இந்த அட்டவணைகளே பொருந்தும் என்று மாநிலமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் எடுத்த, எடுக்கப்போகும் ஒவ்வொரு ஊரிலும் கூலிக் குடும்பங்களின் பட்டியலைக் கிராம சபை முன்னிலையில் எடுங்கள். ஊரையும் காலனியையும் சேர்த்து எடுங்கள். பட்டாவும் சிட்டாவும் கேட்காதீர்கள். நூறு நாள் வேலை அட்டை, ரேஷன் அட்டை, பக்கத்து நிலத்துக்காரரின் சாட்சி, இவற்றைச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். கரிவெட்டியிலும் கத்தாழையிலும் மும்முடிச்சோழகனிலும் யார் யார் வயலில் இறங்கினார்கள் என்பது ஊருக்குத் தெரியும்.

குத்தகைதாரர் விஷயம் இதைவிடப் பழையது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய இந்த மாநிலத்தில் 1969-இலேயே சட்டம் வந்துவிட்டது. பதிவேட்டில் பெயர் ஏறினால் பிறகு நிலத்தை மீட்க முடியாது என்று உடையவர் பயப்படுகிறார். பெயரைக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று உழுகிறவர் பயப்படுகிறார். இந்த இரண்டு பயங்களுக்கு நடுவில் பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன், வெள்ள நிவாரணம் எல்லாம் பட்டாதாரர் பெயருக்கே போய்ச் சேர்கின்றன. நிலத்தின் மீது எந்த உரிமையும் தராத, அந்தப் போகத்துக்கு மட்டும் செல்லும் சாகுபடிச் சான்றை கிராம நிர்வாக அலுவலர் வழங்கட்டும். உடையவரும் அஞ்ச மாட்டார்.

சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். நிரந்தரத் தொழிலாளியோடு தோளுரசி அதே வேலையைச் செய்கிறார்கள். சம்பளச் சீட்டு மட்டும் வேறு. 2020 மே 7-லும் ஜூலை 1-லும் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது தீ இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற கோட்பாடு தற்காலிகப் பணியாளர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதை ஒன்றிய அரசு தன் சொந்தப் பொதுத்துறை நிறுவனத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும். நிரந்தரமாக்குவதற்கான முன்னுரிமைப் பட்டியல் தமிழில் வெளியிடப்பட வேண்டும்.

நூறு நாள் வேலை. 2006 பிப்ரவரியில் இத்திட்டம் தொடங்கிய முதல் மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. உள்ளூர்க் கூலியைக் கொஞ்சம் நிமிர்த்தியது அதுதான். கூலி 15 நாளில் வர வேண்டும் என்பது சட்டம். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலி நிலுவை 1,056 கோடி ரூபாய் என்று முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கூலி வராத மாதங்களில் மளிகைக் கடைக் கணக்கு வாரக்கடன் கணக்காக மாறியது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் வேலை நாள்களை 125 ஆக்குகிறது. செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் தலையில் ஏற்றுகிறது. விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தச் சொல்கிறது. அறுவடைக்கு இயந்திரம் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த 60 நாளில் வயலில் எங்களுக்கு வேலை காத்திருப்பதாக நினைத்தவர்கள் ஒருமுறை சம்பா அறுப்புக்கு இங்கே வந்து பார்க்கலாம். மாநில அரசு அந்த நாள்களை அறிவிக்குமுன் கூலிப் பெண்களைக் கேட்க வேண்டும். ஒன்றிய அரசின் பணம் தாமதமானால் கூலியை முன்பணமாகத் தர மாநிலம் தனி நிதி வைக்க வேண்டும்.

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் எங்கள் பெண்களின் கையில் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக நன்செய் உள்ள வீட்டுக்கும் ஒரு சென்ட் இல்லாத வீட்டுக்கும் அதே ஆயிரம்தான். யாரிடமிருந்தும் பறிக்கச் சொல்லவில்லை. நிலமற்ற வீட்டுக்குக் கூட்டித் தாருங்கள் என்கிறோம். மாநிலத்தின் மிக வறிய 5 லட்சம் குடும்பங்களை மீட்க 2024 பட்ஜெட்டில் தாயுமானவர் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் அதே பெயரில் முதியோருக்கு ரேஷன் பொருள் வீடு தேடி வந்தது. அதுவும் தேவைதான், ஆனால் அந்த 5 லட்சத்தில் இந்த ஒன்றியத்தில் யார் யார் என்ற பட்டியலை ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயில் 80 வயதுக்குட்பட்டவருக்கு ஒன்றிய அரசின் பங்கு 2007-இலிருந்து 200 ரூபாயாகவே நிற்கிறது. நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் போவதாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-இல் கணக்கிட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக நகராத அந்த 200 ரூபாயை நகர்த்த இந்த நாட்டில் பணம் இல்லை என்ற பதிலை நாங்கள் ஏற்க மாட்டோம்.

குழுக்கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-இல் மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. அதன் விவரத்தை ஒவ்வொரு ரேஷன் கடையிலும் எழுதி வையுங்கள்; வசூலுக்கு வருகிறவரும் படிக்கட்டும்.

கடைசியாக, சுரங்கத்தின் பணம். 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளை உண்டு. பழைய சுரங்கக் குத்தகைகள் ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையை அதில் கட்ட வேண்டும். சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருப்பது நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி என்று 2024-ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் சொல்கிறது. கம்மாபுரத்துக்கு வந்தது எவ்வளவு, எந்தத் தெருவில் எந்த வேலையாக நிற்கிறது என்ற கணக்கை அறக்கட்டளை ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்க வேண்டும். 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின் தனி அலுவலர்கள் நிர்வாகம் பார்க்கிறார்கள். தேர்தலைத் தள்ளிப்போடாமல் நடத்துங்கள். அதுவரை கணக்கு சொல்லும் பொறுப்பு தனி அலுவலருடையது.

இச்சாசனத்தின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தமிழில் எழுத்துமூலம் பதில் வேண்டும். ஏற்பதானால் எந்தத் தேதிக்குள், மறுப்பதானால் எந்த விதியின்படி என்று அதில் இருக்கட்டும். பதிலை அடுத்த கிராம சபையில், எல்லா ஊராட்சிகளிலும், மைக்கில் வாசியுங்கள்.