போட்டிக்கு முன் பிறப்பைக் கேட்டார்கள்

இரும்புக் கவசம், நீண்ட ஈட்டி, பாய்ந்து வரும் குதிரை. ஐரோப்பாவின் இடைக்கால ஈட்டிப் போட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவது வீரம்தான். சினிமாவும் வீடியோ கேமும் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன. ஆனால் அந்தக் களத்தின் வாசலில் முதலில் சோதிக்கப்பட்டது பிறப்பு.

15ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பெரிய போட்டிகளில் இறங்க விரும்பியவர், தன் தாத்தா பாட்டி நால்வரும் பிரபு குலம்தான் என்று காட்ட வேண்டியிருந்தது. நியூரம்பர்க் நகரத்துப் பெரும் பணக்கார வணிகக் குடும்பங்களைக்கூட அந்தப் பிரபுக்கள் தமக்குச் சமமாக ஏற்கவில்லை. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் 1446இல் தங்கள் நகரிலேயே தனியாகப் போட்டி நடத்திக்கொண்டார்கள். பணம் இருந்தும் பிறப்பு தடுத்தது.

பிரான்சின் ஆன்ஷூ கோமகன் ரெனே 1460 வாக்கில் போட்டி விதிகளை நூலாக எழுதினார். பிரபு குலத்தில் பிறக்காத பெண்ணை மணந்தவனைக் களத்திலேயே அடிக்கலாம் என்கிறது அது. விளையாட்டு விதிக்குள் திருமணம் ஏன் வந்தது? அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விளக்கியதைப் படித்த நமக்கு இது புரியும். சாதியும் பிரபுத்துவமும் ஒன்றல்ல. அங்கே அரசன் நினைத்தால் ஒருவனைப் பிரபுவாக்க முடியும். சாதியில் அந்தக் கதவும் இல்லை. ஆனால் பிறப்புப் பெருமையைக் காக்கத் திருமணத்துக்குக் காவல் போடும் புத்தி இரண்டிலும் ஒன்றுதான்.

பெருமைக்குப் பழமையும் தேவைப்பட்டது. 1530இல் கியோர்க் ரூக்ஸ்னர் வெளியிட்ட நூல், முதல் போட்டியை மன்னர் முதலாம் ஹென்றி 938இல் நடத்தியதாகச் சொல்கிறது. அந்த மன்னர் இறந்ததோ 936இல்! இருந்தும் பிரபுக் குடும்பங்கள் தங்கள் வம்சப் பழமைக்கு அந்த நூலைச் சான்றாகக் காட்டின.

இன்று அருங்காட்சியகங்களில் மின்னும் கவசங்களைச் செய்தவர்கள் கைவினைஞர்கள். பேரரசர் மாக்சிமிலியனுக்குக் கவசம் செய்தவர் அவுக்ஸ்பர்க் நகரத்துக் கொல்லர் லோரென்ஸ் ஹெல்ம்ஷ்மிட். அவரைப்போலப் பெயர் நிலைத்தவர்கள் சிலரே. சேணத்துக்குத் தோல் பதப்படுத்தியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் உழைப்பில்லாமல் போட்டியே இல்லை. போட்டியில் அவர்களுக்கு இடமில்லை.

தோழர்களே, எந்த 'வீர விளையாட்டை'ப் பற்றிப் படித்தாலும் மூன்று கேள்விகள் கேட்போம். யார் உள்ளே விடப்படவில்லை? கருவிகளைச் செய்தது யார்? அதன் பழம்பெருமையை எழுதியது யார்? நம் ஊர்த் திருவிழாவில் யார் வடம் பிடிக்கலாம், முதல் மரியாதை யாருக்கு என்ற பேச்சு எழும்போதும் இதே கேள்விகளைச் சத்தமாகக் கேட்போம்.