காய்ச்சல் மாறிவிட்டது, கண்?

மாமாவின் வயல் அகத்திமுறிப்புக் குளத்தின் கீழ் இருக்கிறது. பி.எச்.ஐ. கொடுத்த டொக்சிசைக்கிளின் குளிசைகள் கலண்டருக்குப் பின்னால் செருகியபடியே கிடந்தன. "நோயில்லாதவனுக்கு என்னத்துக்கு மருந்து?" என்பது மாமாவின் வாதம். சேற்றில் இறங்கினார். காய்ச்சல் வந்தது, பெனடோல் போட்டார், மாறியது.

மூன்று மாதம் கழித்து ஒரு கண் சிவந்தது. வெளிச்சம் கூசியது. பிள்ளைக்குக் கண்ணோய் வந்தபோது மிஞ்சிய துளிமருந்தை மாமி விட்டார். இரண்டு கிழமை அதிலேயே போயிற்று.

கண் வைத்தியர் முதலில் கேட்டது, "அண்மையில் காய்ச்சல் வந்ததா?" என்றுதான். மாமா "இல்லை" என்றார். கூடப் போயிருந்த உம்மா குறுக்கிட்டுச் சொன்னதால் இரத்தப் பரிசோதனை நடந்தது. எலிக்காய்ச்சல்!

எலியின் சிறுநீரோடு தண்ணீரில் கலக்கும் லெப்டொஸ்பைரா பற்றீரியா, காலிலுள்ள சிறு காயத்தினூடாகவும் உள்ளே போகும். சிலருக்குக் காய்ச்சல் மாறி வாரங்கள், மாதங்கள் சென்றபின் கண்ணுக்குள் அழற்சி உண்டாகிறது. விழித்திரையின் இரத்தக் குழாய்களும், பார்வை நரம்பு தொடங்கும் இடமும்கூடப் பாதிக்கப்படலாம். வெளியே பார்த்தால் கண்ணோய் போலத்தான். ஆனால் பெரும்பாலும் பீளை கட்டாது, பார்வை மங்கும்.

இது அரிதுதான். ஆனால் தலைமன்னாருக்கு எதிர்க்கரையான தமிழ்நாட்டில் இது ஒருமுறை கூட்டமாகவே வந்தது. 1993 இறுதியில் அங்கே பெருவெள்ளம். 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இப்படிப்பட்ட கண்களோடு பலர் வந்தார்கள். அவர்களில் 73 பேரைப் பற்றிய ஆய்வு 1997இல் வெளியானது. வெள்ளமும் வயலும் எலியும் நமக்கும் உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களையே எடுத்தது. அப்போது எல்லோரும் சிறுநீரகம், நுரையீரல் பற்றிப் பேசினோம். கண்ணை யாரும் பேசவில்லை.

என் கருத்து இதுதான். எலிக்காய்ச்சல் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் அட்டையில், "கண் சிவந்தால், பார்வை மங்கினால் உடனே வரவும்" என்று தமிழில் ஒரு வரி இருக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. மாமாவைப் போல ஆஸ்பத்திரிக்கே போகாதவர்களுக்கு அட்டை கிடைக்காது. அவர்களுக்கு வீட்டில் படித்த பிள்ளைகள் நாம்தான் சொல்ல வேண்டும். மிஞ்சிய துளிமருந்துப் போத்தலைக் குப்பையில் போடுவதும் நம்மால் முடிந்த வேலை. (எங்கள் வீட்டில் நான்கு இருந்தன.)

மாமாவுக்குப் பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. இந்தக் காலபோகத்துக்குக் கிழமைக் குளிசையை மாமி கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மாமா முணுமுணுத்துக்கொண்டே விழுங்குகிறார்.