கடலுக்கடியில குடித்தனமா? ஆளை விடுங்க சாமி!

ஜப்பானின் ஷிமிசு கம்பெனி 2014ல ஒரு படம் காட்டிச்சு. 500 மீட்டர் விட்டத்துல கோளம், 5000 பேர் இருக்கலாமாம். நண்பர் ஒருத்தர் இன்னமும் அதை அனுப்பி 'பசுமை எதிர்காலம்'ங்கிறார்.

1963ல சூடான் பக்கம் செங்கடல்ல கூஸ்டோவின் ஆட்கள் 10 மீட்டர் ஆழத்துல ஒரு மாசம் தங்கினாங்க. காத்து எங்கேருந்து வந்துச்சு? மேலே நின்ன கப்பல்லேருந்து! செலவுல ஒரு பங்கு பெட்ரோலியக்காரங்க காசு. இதுல எங்கய்யா பசுமை?

ஃப்ளோரிடாவின் அக்வாரியஸ்ல நாள்கணக்கா தங்கினவர் மேல வரணும்னா சுமார் 17 மணி நேரம் அழுத்தம் குறைக்கணும். நெஞ்சுவலின்னா? பிரசவம்னா? கெட்டிச் சுவர் கட்டி உள்ளே சாதா அழுத்தம் வச்சா அந்தத் தொல்லை இல்லதான். அதுக்கு எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு இரும்பு?

ஆராய்ச்சிக்குன்னா போங்க, கும்பிடறேன். கூஸ்டோவே அந்தக் கனவை மூட்டை கட்டிட்டு, இருக்கிற கடலைக் காப்பாத்துங்கன்னு கிளம்பிட்டாரு.