‘எப்படி ஏமாந்தீர்கள்?’ என்று கேட்பவர்களுக்கு

இணைய மோசடியில் பணத்தைப் பறிகொடுத்த ஒருவரிடம் நம் பல்கலைக்கழகச் சமூகம் கேட்கும் முதற்கேள்வி, ‘படித்தவர்தானே, எப்படி ஏமாந்தீர்கள்?’ என்பது. இதைப் பண்புக்குறைவு என்று மட்டும் கடந்துவிட முடியாது. மோசடிக்காரருக்கு நாம் செய்யும் நேரடி உதவி இது. பறிக்கப்பட்ட தொகை ஒரே கணக்கில் தங்குவதில்லை. வாடகைக்கு எடுத்த பல கணக்குகளில் சிதறி, சில மணி நேரத்தில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடுகிறது. அந்தச் சில மணி நேரத்தைத்தான் வெட்கம் தின்றுவிடுகிறது. மாதக்கணக்கில் நிலுவையிலிருந்த உதவித்தொகை மொத்தமாக வந்த வாரத்திலேயே அதை இழந்த ஆய்வு மாணவர், நெறியாளர் காதுக்கு எட்டிவிடுமோ என்று அஞ்சி அறைக்குள் முடங்கிக் கிடப்பதை விடுதிகளில் வாழ்ந்தோர் அறிவர்.

உடனடியாகச் செய்யவேண்டியது சிறிதளவே. 1930 என்ற எண்ணை அழைத்துப் பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைச் சொன்னால், பணம் சென்ற வங்கிக்குத் தகவல் போய், எஞ்சியிருக்கும் தொகை முடக்கப்பட வாய்ப்புண்டு. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிந்து ஒப்புகை எண் பெறவேண்டும். உரையாடல்களை அழிக்கக் கூடாது (அவமானம் முதலில் செய்யத் தூண்டுவது அதைத்தான்). பணத்தை மீட்டுத் தருவதாகக் கட்டணம் கேட்டுப் பின்னர் வருபவர், இரண்டாம் மோசடிக்காரர்.

வங்கிக்கு வருவோம். கிளை மேலாளர் ‘ஓடிபி சொன்னீர்களா?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு உரையாடலை முடித்துவிடுவார். ஆனால் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை அவ்வளவு எளிதாக முடிவதில்லை. வங்கியோ வாடிக்கையாளரோ தவறு செய்யாத நிலையில் அனுமதியற்ற பரிவர்த்தனை நிகழ்ந்து, தகவல் கிடைத்த 3 வேலைநாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளர் ஒரு ரூபாய்கூட ஏற்க வேண்டியதில்லை. அவருடைய அலட்சியத்தால் நேர்ந்ததாயினும், புகாருக்குப் பின் ஏற்படும் இழப்பு வங்கியுடையது. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியுடையதே. இத்தகைய வழக்கொன்றில் வாடிக்கையாளருக்கு 94,204 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும் என்ற உத்தரவை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே வாய்மொழியாக மன்றாடாதீர்கள், எழுதிக் கொடுங்கள். 30 நாட்களில் முறையான தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லுங்கள்.

வெளிமாநிலத்தில் படிக்கும் நம்மவர்க்குக் காவல் நிலையத்தில் கிடைக்கும் மறுமொழி, ‘கணக்கு உங்கள் ஊரில்தானே, அங்கே போங்கள்’ என்பது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்ததாயினும் தகவலைப் பதியலாம் என்கிறது. பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் ஓர் ஓட்டை அப்படியே இருக்கிறது. ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டப்பட்டுத் தம் கையாலேயே பணம் அனுப்பியவரை அந்தச் சுற்றறிக்கை காப்பதில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இவ்வாறு ஏமாற்றப்பட்டு அனுப்பிய தொகையையும், சில விலக்குகளுடன், 85,000 பவுண்டுவரை வங்கிகள் திருப்பித் தரவேண்டும்; அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி. பெற்ற வங்கி ஏன் தரவேண்டும்? மோசடிக்காரருக்குக் கணக்குத் திறந்து கொடுத்தது அதுதானே. நம் ஊரிலோ, நமக்கு ஒரு முகவரி மாற்றத்துக்கு நாலு சான்று கேட்கும் வங்கிகள், வாடகைக் கணக்குகளில் ஒரே நாளில் லட்சங்கள் புகுந்து வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பழி மட்டும் பாதிக்கப்பட்டவரின் ‘விழிப்புணர்வின்மை’ மேல் விழுகிறது.

அந்த வாடகைக் கணக்குகளுக்காகச் சில ஆயிரம் காட்டி வலைவீசப்படுவோரில் மாணவர்களும் உண்டு. துறைதோறும் நடக்கும் விழிப்புணர்வுக் கருத்தரங்குகளில் இதை யாரும் பேசுவதில்லை. அடுத்த கருத்தரங்குக்கு வங்கி அதிகாரி சிறப்புரையாற்ற வரும்போது, அவர் வங்கியில் அத்தகைய கணக்குகள் எத்தனை முடக்கப்பட்டன என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.